வடசென்னைப் பெட்டிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம்.

வியாசர்பாடியில் பதினெட்டு வருஷமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை கிடையாது. போன வருஷம் வரை குட்கா, மாவா என்கிற பாக்கு, புகையிலைக் கலவைகளை நானும் விற்றவன்தான். பிஸ்கட் டின்னுக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டிக்குள் சரக்கு இருக்கும். பையன்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கீழ் உதட்டை ஒரு தட்டு தட்டினால் உதட்டுக்குள் அடக்கும் குட்டிப் புகையிலைப் பை. உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்தால் மாவா. இந்தச் சைகை உங்களுக்கும் தெரியும். பாக்கெட்டின் பெயரை எழுதி நான் விளம்பரம் செய்யப்போவதில்லை.

நிறுத்தியது ஒரு பையனால். பக்கத்துச் சந்து, பிளஸ் ஒன். என் கடையோரம் சாயங்காலம் அத்தோ வண்டி, அதான் பர்மா நூடுல்ஸ் வண்டி, நிற்கும். மிளகாய்த்தூள் இன்னொரு கரண்டி போடச் சொல்லித் தின்கிறவன் அவன். ஒருநாள் வண்டிக்கார அக்காவிடம், "அக்கா, காரமே வேணாம், எரியுது" என்றான். சில மாதம் கழித்துப் பார்த்தால், அவித்த முட்டையைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளுகிறான். "வாயத் தொறடா" என்றேன். மூன்று விரலை நிமிர்த்தி வைத்தால் நுழைய வேண்டும். அவனுக்கு இரண்டே சிரமம்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவன் அம்மா. துணைக்கு நானும் போனேன். பாக்கு செய்கிற வேலை இது என்றார் டாக்டர். வாயின் உள்தோல் நார்போல இறுகிவிடுகிறது. முதலில் காரம் எரியும், பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைக்கும், கடைசியில் தாடை திறக்காது. போடுவதை நிறுத்தினால் மேலும் முற்றாமல் தடுக்கப் பார்க்கலாம். இறுகியது பழையபடி இளகாது. சிலருக்கு அந்த இடத்திலேயே புற்று வரும். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் சேர்ந்தால் வாயோடு நிற்காது. உணவுக்குழாய், கணையம் வரைக்கும் போகும். கூடச் சேர்க்கிற சுண்ணாம்பு நிக்கோடினைச் சீக்கிரமாக ரத்தத்தில் ஏற்றுகிறது. அந்த வயசு மூளைக்கு அது பழகிவிட்டால் பையன் காலையில் பல் விளக்கியதும் நம் கடை வாசலில் நிற்பான். நின்றான்.

"எங்க ஆயா எண்பது வயசு வரைக்கும் வெத்தல போட்டாங்களே" என்பீர்கள். என் ஆயாவும்தான். ஆனால் பதிமூன்று வயசில் ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டு, கணக்கு வகுப்பில் உதட்டுக்குள் அடக்கியவரா அவர்? அந்தக் காலத்திலும் கன்னத்துப் புண்ணோடு போனவர்கள் உண்டு. நாம் அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. குட்கா, பான்மசாலாவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்ததும் நமக்குள் சிலர் குஷியானோம்; ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே நிறுத்திவைத்தது. அது கிடக்கட்டும், சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவைப் பாருங்கள்: பதினெட்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

போலீசுக்குப் பயந்து நான் விடவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ரெய்டு வரும், போகும். வருமானம்தான் வலித்தது. அஞ்சு ரூபாய் பிஸ்கட்டில் நமக்கு என்ன நிற்கிறது? இதில் நின்ற காசில்தான் பாதி மாசம் கடை வாடகை ஓடியது. இப்போது சாயங்காலம் சுண்டல் போடுகிறேன். அந்த அளவுக்கு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

நான் ஒருவன் நிறுத்தி என்ன ஆச்சு? அதே பையன்கள் நாலு கடை தள்ளிப் போகிறார்கள். அதனால்தான் இந்த மடல். தெருவில் இருக்கிற எல்லாக் கடையும் ஒரே வாரத்தில் "வேணாம்" என்று சொன்னால், பைக்கில் சரக்கு போடுகிறவன் பெட்ரோல் செலவு பார்த்தே இந்தப் பக்கம் வரமாட்டான். ஏற்கெனவே பழகிய பிள்ளைகளைத் திட்டி விரட்டாதீர்கள். 1800-112-356 இலவச எண். விட நினைக்கிறவர்களுக்குப் பேசி வழிகாட்டுவார்கள். நான் அதைப் பால் விலை அட்டைக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் பையனின் அம்மா இன்னமும் என்னிடம்தான் பால் வாங்குகிறாள். முதல் பாக்கெட் யார் கடையில் வாங்கினான் என்று அவளுக்குத் தெரியாது.

சரக்கு வண்டி வியாழக்கிழமை காலை வரும். அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசிவிடலாம். ராத்திரி பத்தரை வரை கடையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்