மாமாவோட தீவு

27 மார்ச் 2017

டேய் பிடில்,

பத்து மாசமா ஒரு வரி எழுதல, தெரியும், திட்டுறதை எல்லாம் திட்டி முடிச்சிட்டு அப்புறம் படி. பொங்கலுக்கு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். உன் பைரவிக்குப் பின்னாடி யாரோ மிக்ஸி போட்டுத் தேங்கா அரைக்கிறாங்க, சட்னிக்கு சுருதி நல்லா சேர்ந்திருந்துச்சு. உன் தங்கச்சி சௌக்கியம். பெரியவனுக்கு இந்த வருஷம் பாக் பரீட்சை, செபாஸ்டியன் பாக் இல்லடா, பிளஸ் டூ மாதிரி. வீட்டுல எல்லாரும் மெதுவாத்தான் பேசணும்னு சட்டம். அவன் மட்டும் ராப் போட்டுக் கேப்பான்.

இன்னைக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் மாமா. காலங்காத்தால ஆறு மணிக்குப் போன். யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறி எடுத்தா, "இன்னையோட இருவத்தஞ்சு வருஷம்டா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. அவ்வளவுதான். நானும் கொஞ்ச நேரம் கட்டில்ல உக்காந்து, கல்யாண நாளா, யாரோட திதியாவது வருதான்னு யோசிச்சிட்டு அப்புறம்தான் பிடிபட்டுச்சு. 1992 மார்ச் 27, செகாந்தீவுல ரெனோ ஃபேக்டரி மூடின நாள். பாரிஸுக்கு மேற்கால சேன் ஆத்து நடுவுல ஒரு தீவு, அந்தத் தீவு பூரா ஃபேக்டரி, ஆத்துல போற கப்பல் மாதிரியே இருக்கும்னு மாமா சொல்லுவாரே, நாம சின்னப் புள்ளைல வாயப் பொளந்து கேட்டோமே, கப்பல்ல எப்படி கார் பண்ணுவாங்கன்னு நீ கூட கேட்ட, அதே இடம். அங்க கார் கதவு மாட்டினவரு.

இப்ப அந்தத் தீவுல என்ன வருது தெரியுமா? கச்சேரி ஹால்! அடுத்த மாசம் 22ஆம் தேதி திறக்கிறாங்க.

நடுவுல நடந்த கதையே ஒரு சீரியல் எடுக்கலாம். மூடின ஃபேக்டரி பத்து வருஷத்துக்கு மேல சும்மா கிடந்துச்சு, பினோன்னு ஒரு பெரிய பணக்காரர் இங்கதான் என் ஓவியமெல்லாம் வைக்கப் போறேன்னாரு, ஜப்பான்லேர்ந்து ஆர்க்கிடெக்ட் தடாவோ ஆண்டோவைக் கூப்பிட்டு பிளான் எல்லாம் போட்டாரு, பேப்பர் நகர்ற வேகத்தைப் பாத்துட்டு 2005ல போங்கடா நீங்களும் உங்க தீவும்னு வெனிஸ் போய் அங்க ஒரு அரண்மனையை வாங்கிட்டாரு. இங்க ஃபேக்டரியை இடிச்சுத் தரையாக்கிட்டாங்க, அப்புறமும் பொட்டல்தான். கடைசியா ஓத் தெ சேன் டிபார்ட்மென்ட், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி ஆனா பணம் உள்ள மாவட்டம், அவங்கதான் முன்னாடி நின்னு கட்ட வச்சாங்க. ஆர்க்கிடெக்ட் ஷிகெரு பான், கூட ழான் தெ காஸ்தின். ஷிகெரு பான் யாருன்னா, காகிதக் குழாயை வச்சு வீடு கட்டுற மனுஷன். பூஜ் பூகம்பத்துக்கு அப்புறம் குஜராத்ல கட்டினாரு, சுனாமிக்கு அப்புறம் இலங்கையில கிரிந்தாவுலயும் கட்டினாரு, அங்க மட்டும் மண்கல்லு. இங்கயும் ஆடிட்டோரியம் கூரையில மரத்துல அறுகோணம் அறுகோணமா தேன்கூடு மாதிரி வச்சு உள்ள காகிதக் குழாயை அடுக்கியிருக்காரு. வெளியில மரச்சட்டம் பின்னின ஒரு பெரிய முட்டை, அதைச் சுத்தி பாய்மரம் மாதிரி சோலார் பேனல், தண்டவாளத்துல வெயில் போற பக்கமெல்லாம் கூடவே போகும். மாமாவுக்கு போட்டோ காட்டினேன். "முட்டைய எவன் அடைகாக்குறது"ன்னாரு.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். உனக்காகத்தான் இவ்வளவும்.

அந்த ஹால்ல குடியிருக்கப் போறது இன்சுலா ஆர்க்கெஸ்ட்ரா. லொரான்ஸ் எக்கில்பேன்னு ஒரு அம்மா 2012ல ஆரம்பிச்சது, அதுவும் இதே டிபார்ட்மென்ட் காசுலதான். இன்சுலான்னா லத்தீன்ல தீவு. பேரை வச்சிட்டு அஞ்சு வருஷம் காத்திருந்து தீவையே வாங்கிட்டாங்கன்னு நான் சொன்னா இங்க எவனும் சிரிக்க மாட்டேங்கிறான், நீயாவது சிரி. இவங்க வாசிக்கிறது எல்லாம் அந்தந்தக் காலத்து வாத்தியம். மொசார்ட்டுன்னா மொசார்ட் காலத்து மாதிரி பிடில், மாதிரி வில்லு, மாதிரி கொம்பு. கொம்புல வால்வே கிடையாது, கொம்போட அகல வாய்க்குள்ள கையை விட்டு மூடி மூடி சுரம் எடுக்கிறான். பக்கத்துல உக்காந்து பாத்தேன்டா ஒரு தடவை, கைய உள்ள விட்டதும் சத்தம் மூக்கடைச்ச மாதிரி ஆகுது, அதையும் ஒரு நிறமா வச்சு வாசிக்கிறான். நம்ம நாயனக்காரர் விரலைப் பாதி எடுத்து கமகம் கொடுப்பாரே, அந்த ஞாபகம் வந்துச்சு.

பிடிலுக்கு வா. நரம்புடா! கம்பி இல்ல, நரம்பு, ஆட்டுக்குடல முறுக்கிக் காயவச்சு இழுத்தது. அடிக் கம்பிக்கு மட்டும் மேல உலோகம் சுத்தியிருக்கும். நீ முட்டை போட்ட கேக்கைக் கூட முகர்ந்து பாத்துத் திருப்பிக் கொடுக்கிற ஆளு, மூஞ்சியைச் சுளிக்காத, உனக்குப் பக்கத்துல உக்காந்து முப்பது வருஷமா மாட்டுத்தோலை ஒருத்தன் அடிச்சிட்டிருக்கான், நீ இழுக்கிற வில்லுல இருக்கிறதும் குதிரை வால்தான். மோவாய்க்கட்டையும் கிடையாது, அதை ஸ்போர்னு ஒரு ஜெர்மன்காரர் 1820 வாக்குலதான் கண்டுபிடிச்சாரு. சுருதி நம்ம கணக்குல கால் கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கி நிக்குது, ஏ சுரத்துக்கு 430 ஹெர்ட்ஸ், இப்ப பொதுவா 440. பாக் காலத்து இசைக்குன்னா 415, சுத்தமா அரைக்கட்டை இறக்கம். "கட்டையை ஏத்தாதே, ஏத்தினா ரசிகனுக்குக் காது கேக்கும், உனக்கு மனசு கேக்காது"ன்னு சார் சொல்லுவாரே. அப்பெல்லாம் சார் சோம்பேறித்தனத்துக்கு சாக்கு சொல்றாருன்னு நினைச்சோம். மன்னிச்சிடுங்க சார்.

முதல் தடவை அந்த சத்தத்தைக் கேட்டப்ப எனக்கு ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்ல. என்னடா இது, கொஞ்சம் கரகரன்னு, கம்மியா, ஜலதோஷம் பிடிச்ச மாதிரின்னு. பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் வில்லு நரம்புல படுற அந்தத் தொடக்கம் இருக்கு பாரு, சொல்லுல மெய்யெழுத்து மாதிரி, க ச ட த ப றன்னு தனித்தனியா கேக்குது. ஸ்டீல் கம்பியில எல்லாம் உயிரெழுத்தா வழிஞ்சு ஓடிடும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து தூக்கம் வரல. ஏன்னா ஒண்ணு தோணுச்சு. நம்ம பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி, மெட்ராஸ்ல வெள்ளைக்காரன் கிட்ட பிடில் கத்துக்கிட்டாருன்னு சார் பெருமையா சொல்லுவாரே, அது எந்தக் காலம்? பேத்தோவன் காலம்! அவர் 1786ல பொறந்தவர், பேத்தோவனை விடப் பதினாறு வயசு சின்னவர். அப்ப ஸ்டீல் கம்பி ஏது? அவர் கையில இருந்ததும் ஆட்டுநரம்புதானே. நம்ம சங்கீதத்துக்குள்ள பிடில் வந்தப்பவே இந்தக் குரல்லதான் வந்திருக்கு, நாமதான் நடுவுல எங்கயோ கம்பியை மாத்திட்டு இதுதான் பாரம்பரியம்னு நெத்தியில பட்டை போட்டுட்டு உக்காந்திருக்கோம். சண்டைக்கு வரியா வா. இதுக்குப் பதில் எழுதாம இருந்தேன்னு வை, நான் ஜெயிச்சதாத்தான் கணக்கு.

இப்ப என் கவலை. நரம்புக்குச் சத்தம் கம்மி. இங்க 2015ல திறந்தானே பாரிஸ் ஃபிலார்மோனி, 2400 சீட்டு, பிரம்மாண்டம், நல்ல ஹால்தான், ஆனா பழைய வாத்தியம் அங்க வாசிச்சா மேல் மாடியில இருக்கிறவனுக்கு மேடைல மனுஷங்க ஆடுறது தெரியும், பிடில் பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கும் (எனக்கு மேல் மாடிக்குத்தான் வசதி, அதையும் சொல்லிடுறேன்). இந்தத் தீவு ஹால் 1150 சீட்டு. மேடையைச் சுத்தி நாலு பக்கமும் ஜனம், திராட்சைத் தோட்டத்துப் படிக்கட்டு மாதிரி. ஒலிக் கணக்கு பாத்தது ஜப்பான் நாகாடா கம்பெனி. மைக் கிடையாதுடா. ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு மைக்கே இல்லாம! நம்ம சபாவுல எண்பது பேருக்கு நாலு ஸ்பீக்கர், மைக்செட்காரர்தான் வித்வான், நீங்க எல்லாம் பக்கவாத்தியம்.

ஹாலும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே கூரைக்குக் கீழங்கிறதுதான் எனக்குப் பெரிய விஷயமா படுது. எங்கயோ ஒரு ரூம்ல ஒத்திகை பாத்துட்டு ராத்திரி வேற ஹால்ல போய் உக்காந்தா நரம்பும் தோலும் பேய் பிடிச்ச மாதிரி ஆகும், உனக்குத் தெரியாததா, மார்கழியில ஏசி ஹால்ல மிருதங்கம் படுத்தின பாடு. இவங்க டிம்பனி முரசுலயும் கன்னுத்தோல்தான். அதுலயும் ஆத்து நடுவுல வேற இருக்காங்க. ஒரே மேடையில பழகிப் பழகி வாசிச்சா ஹாலும் ஒரு வாத்தியமா ஆயிடும்னு நம்பிக்கை. ஆனா எல்லாம் ஒரே பைலேர்ந்து வர்ற காசு. நாளைக்கு டிபார்ட்மென்ட்ல வேற ஆள் வந்து கால்பந்துதான் முக்கியம்னு சொன்னா? நேத்து ராத்திரி இதைப் பத்தி உன் தங்கச்சி கிட்ட அரை மணி நேரம் பேசினேன், "கரண்ட் பில் கட்டியாச்சா"ன்னு கேட்டா.

முதல் நாள் 21ஆம் தேதி பெரிய ஹால்ல பாப் டிலன். அடுத்த நாள் இவங்க, மொசார்ட், வேபர், பெர்லியோஸ், பேத்தோவன். நான் டிக்கெட் எடுத்தது அதுக்கில்ல, மே மாசம் ஹைடனோட 'படைப்பு'க்கு. பார்சிலோனாவுலேர்ந்து லா ஃபுரா தெல்ஸ் பாவுஸ் கூட்டம் வந்து அதை மேடை நாடகமா பண்றாங்களாம், பாடுறவங்களை கிரேன்ல தொங்கவிடுறாங்களாம், தண்ணித் தொட்டிக்குள்ள வேற இறக்குறாங்களாம். எனக்குக் கொஞ்சம் பயம்தான், நரம்பு வாசிக்கிற இடத்துல கிரேன் எதுக்குடா. ஆனா அதோட ஆரம்பம் தெரியுமா உனக்கு? உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடி இருந்த குழப்பத்தை வாசிக்கிறாரு, சுருதி எங்க நிக்குதுன்னே பிடி கொடுக்காம இருட்டுல தடவுற மாதிரி. அப்புறம் கோரஸ் ரகசியம் பேசுற மாதிரி "வெளிச்சம் உண்டாச்சு"ன்னு வரும், அந்த வெளிச்சம்ங்கிற சொல்லுல மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சட்ஜமத்துல வெடிக்கும்.

மாமாவுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். அவருக்கு இதெல்லாம் பிடிக்குமான்னு தெரியாது, அவருக்கு டி.எம்.எஸ். போதும். மூடினதுக்கு அப்புறம் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லைன்னு அத்தை சொல்லும். இன்னைக்கு சாயந்திரம் சார்செல் போய் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் டிவியைப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "எத்தனை மணிக்கு"ன்னாரு. ராத்திரின்னேன். "நைட் ஷிப்ட்டு"ன்னாரு. மறுபடியும் டிவி. நான் கிளம்பி ஷூ மாட்டுறேன், உள்ள இருந்தே குரல் வருது, ஒம்பதாம் நம்பர் மெட்ரோல கடைசி வரைக்கும் போகணும், பொன் தெ செவ்ர்ல இறங்கினதும் எந்தப் பக்கம் ஏறினா காத்து கம்மியா இருக்கும், எந்த பாலத்துல மழை பெஞ்சா வழுக்கும், எல்லாம் ஒண்ணு விடாம சொல்றாரு. ஷூவை மாட்டிட்டு அப்படியே நின்னுட்டேன்டா.

அப்புறம் ரூ தெ ரோம்ல, பிடில் கடையா இருக்குமே அந்தத் தெரு, உனக்கு ஒரு செட் நரம்பு வாங்கியிருக்கேன். ஜூன்ல அக்கா வருது, அது கையில கொடுத்து விடுறேன். கடைக்காரர் சொன்னது, காயாம இருக்க அப்பப்ப லேசா எண்ணெய் தடவணுமாம். நாம விரல்ல எண்ணெய் தொட்டு வாசிக்கிற ஆளுங்கன்னு சொன்னேன், அந்த ஆளு வேலையை நிறுத்திட்டு என் விரலைப் பாத்தாரு. ரொம்ப முறுக்காத, அரைக்கட்டை இறக்கியே வை, வெயில் காலத்துல பட்டுனு போயிடும். பைரவியே வாசிச்சு அனுப்பு. மிக்ஸியை மட்டும் நிறுத்தச் சொல்லு.

இப்படிக்கு
வில்லு ஒடிச்சவன்