பெயின்ட் டின் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக ஒரு படம் கைக்குக் கை போய்க்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் மாடல்களுக்கு அடிக்கும் ஹம்ப்ரால் எனாமல் பெயின்ட்டின் சின்ன டின், நம் கடை ஸ்டிக்கர் ஒட்டியது, மூடி திறந்திருக்கிறது. மேலாக மஞ்சளோடிய எண்ணெய், அடியில் கெட்டியாகப் பச்சை. கீழே ஒரு வரி: "டர்பன்டைன் ஊற்றி மூடி விற்கிறார்கள்." படம் எடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர், பத்து வருடமாக வருகிறவர். ஒரு நடை வந்து நேரில் கேட்டிருக்கலாமே என்பதுதான் வருத்தம். சரி, போகட்டும்.

விலைக்காகத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள், அதுவும் நியாயம். ஆனால் திருவல்லிக்கேணி சந்தில் அப்பா கடை போட்ட 1986 முதல் கலப்படம் என்ற சொல்லை யாரும் எங்களைப் பார்த்துச் சொன்னதில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். டின்னில் இருப்பதே 14 மி.லி. அதில் தடம் தெரியாமல் மூடியைக் கிளப்பி 2 மி.லி. எடுத்துவிட்டு டர்பன்டைன் ஊற்றுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். ஏழு டின்னில் இந்தத் திருட்டைச் செய்தால் ஒரு டின் பெயின்ட் தேறும். அந்த ஒன்றை அடைத்து விற்கப் புது டின்னும் மூடியும் எங்கே வாங்குவது? இவ்வளவு பொறுமை இருந்தால் நாங்களே உட்கார்ந்து மாடல் கட்டமாட்டோமா!

படத்தில் மேலே நிற்பது டர்பன்டைன் அல்ல, பெயின்ட்டின் சொந்த எண்ணெய். எனாமல் என்பது ஆல்கைட் பிசின், அதை இளக்கி வைத்திருக்கும் ஸ்பிரிட், நிறத்தூள், இவ்வளவுதான். மேட் வகை என்றால் பளபளப்பை அடக்க இன்னொரு மெல்லிய தூளும் சேரும். தூள் கனமானது, நின்ற இடத்தில் இறங்கும். ரசம் தெளிந்து மண்டி அடியில் தங்குகிறதல்லவா, அதேதான். நம்பிக்கை வராவிட்டால் அந்தத் தெளிவில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, பக்கத்திலேயே ஒரு சொட்டு டர்பன்டைனும் விட்டுவையுங்கள். மறுநாள் டர்பன்டைன் பறந்துபோயிருக்கும். தெளிவு விட்ட இடத்தில் வார்னிஷ் மாதிரி ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் கடைக்கு வந்து எங்கள் எதிரிலேயே செய்யலாம், கண்ணாடி நாங்கள் தருகிறோம்.

அந்தத் தெளிவை அழுக்கு என்று நினைத்து வடித்துக் கொட்டிவிடாதீர்கள். கொட்டினால் பிசின் போய்விடும், அடித்த நிறம் சுண்ணாம்பு மாதிரி விரலில் வரும். கலக்காமல் மேலாகத் தொட்டு அடித்தாலும் வம்புதான். ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடலுக்கு 30-ஆம் எண் மேட் பச்சை அடித்த ஒரு தம்பி, இறக்கை வாழை இலை மாதிரி மின்னுகிறது என்று கொண்டுவந்து காட்டினார். அடக்கும் தூள் மொத்தமும் டின்னுக்கு அடியில் அப்படியே இருந்தது. ஐஸ் குச்சியால் அடியைச் சுரண்டி, ஐந்து நிமிடம் பொறுமையாகக் கலக்குங்கள். குலுக்க வேண்டாம். குலுக்கினால் பெயின்ட் மூடியிலும் விளிம்பிலும் ஏறிக்கொள்ளும், மூடும் தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

இதில் எங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா காலத்திலிருந்து கடையில் இருந்த பெரியவரை உங்களுக்குத் தெரியும். மாதம் பிறந்தால் அவருக்கு முதல் வேலை, தூள் அடியில் இறுகாமலிருக்க அலமாரியில் இருக்கும் அத்தனை டின்னையும் தலைகீழாகத் திருப்பி வைப்பது. தீபாவளியோடு கண் சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் அமையவில்லை, திருப்புவதும் விட்டுப்போனது. மே மாதத்தில் இரண்டு பெட்டி தகரக் கூரைக்கு அடியில் பரணிலேயே இருந்துவிட்டன. அது இருக்கட்டும்.

டின்னைச் செய்பவர்கள் மேலும் குற்றம் இல்லை. ஹம்ப்ரால் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1919-ல் ஹம்பர் ஆயில் கம்பெனி என்று தொடங்கியது. அந்த ஊர்க் குளிருக்கும் நம் கடற்கரைக் காற்றுக்கும் வித்தியாசம் இருக்காதா? இங்கே மூடி விளிம்பில் துரு பிடிக்கும், திறக்கும்போது துருப்பொடி உள்ளே விழும். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு டின்களை அடுக்கிவிடுங்கள். அடுப்படியும் சாமி விளக்குப் பக்கமும் வேண்டாம், உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் சரக்கு.

அப்புறம் ஆடை, பாலின் மேல் படிவதுபோல் பெயின்ட்டின் மேல் கட்டுகிறதே, அது. "திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆடை கட்டிவிட்டது" என்பதுதான் எங்களுக்கு அதிகம் வரும் புகார். எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் ஸ்பிரிட் பறக்கிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பிசின் இறுகுகிறது. இறுகியது இறுகியதுதான், எவ்வளவு டர்பன்டைன் ஊற்றினாலும் பழையபடி கரையாது. மூடிய டின்னுக்குள் மாட்டிக்கொண்ட காற்றே ஓர் ஆடை கட்டப் போதும். மூடி சரியாக உட்காராவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஊறுகாய் ஜாடியின் வாயைத் துடைக்காமல் மூடினால் அம்மா சும்மா விடுவாரா? அந்த வழக்கம் டின்னுக்கும் வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், மூடி போய் உட்காருவது அதில்தான். பிரஷ்ஷை அந்த விளிம்பில் வழிக்கவே கூடாது. பெயின்ட்டைக் குச்சியால் எடுத்து ஒரு பழைய மூடியில் விட்டுக்கொண்டு, டின்னை உடனே மூடிவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். மூடும் முன் டர்பன்டைன் தொட்ட பட்ஸ் ஒன்றைப் பள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டினால் போதும். மூடியை ஒரே இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் அது வளைந்துவிடும், வளைந்த மூடி மறுபடி பொருந்தாது. ஸ்பூன் காம்பால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். மூடும்போது மேலே ஒரு மரக்கட்டையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம்.

பாதிக்குமேல் தீர்ந்த டின்னில் காற்று நிறைய இருக்கும். அதில் கழுவிக் காயவைத்த கோலிக்குண்டு இரண்டு போடுவது அப்பாவின் யோசனை. ஒரு கோலி ஏறக்குறைய 2 மி.லி. இடத்தை அடைக்கும், அவ்வளவு காற்று வெளியே போனது. கலக்காமல் மேலாக இரண்டு சொட்டு டர்பன்டைன் விட்டு மூடிவிட்டு, ஓர் இரவு பழைய செய்தித்தாளின் மேல் தலைகீழாக வையுங்கள். கசியவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும், பெயின்ட்டே மூடிக்கு உள்ளிருந்து அடைப்பாக நிற்கும். அப்பா 1998-ல் திறந்த 29-ஆம் எண் மண் நிற டின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இன்றும் இருக்கிறது, இன்றும் பிரஷ்ஷில் ஏறுகிறது.

ஆடை கட்டியே விட்டால் குச்சியால் குத்திக் கலக்காதீர்கள். பிளேடால் ஓரத்தைச் சுற்றி அறுத்து, இடுக்கியால் ஒரே துண்டாகத் தூக்கிவிடுங்கள். அடியில் இருப்பது நல்ல பெயின்ட். துணுக்கு விழுந்திருந்தால் பழைய நைலான் காலுறையில் வடிகட்டலாம்.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறோம். பெயின்ட் ஐக்கிய நாடுகளின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் 1263-ஆம் எண், தீப்பிடிக்கும் திரவம். தபாலில் வாங்கமாட்டார்கள், நாங்கள் வரவழைப்பது கப்பலில்தான். கூலி ஏறியதால் அடுத்த மாதம் முதல் டின்னுக்கு 45 ரூபாய் கூடுகிறது; திறந்த டின்னை இனி மாற்றித் தர இயலாது.

இந்த மூன்று வாரத்தில் படத்தைப் பார்த்த பிறகும் வழக்கம்போல வந்து, ஒரு கேள்வி கேட்காமல் டின் வாங்கிப்போனவர்களை மறக்கமாட்டோம். ஒருவர் பெரியவருக்குக் கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சனிக்கிழமை மாலைகளில் ஆடை கட்டிய, மண்டி இறுகிய டின் எதுவானாலும் கொண்டுவாருங்கள், எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கமாட்டோம். குச்சியும் டர்பன்டைனும் எங்களுடையது. படம் எடுத்த ஐயாவும் அந்தப் பச்சை டின்னோடு வரலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர், திருவல்லிக்கேணி

பி.கு.: 33-ஆம் எண் மேட் கறுப்பு தீர்ந்துவிட்டது. கேட்டவர்கள் பெயரைக் குறித்து வைத்திருக்கிறோம், பெட்டி வந்ததும் போன் செய்கிறோம்.