அண்ணன் கடையில் வேலை பார்த்த அப்பா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் 'ஸ்டார் ட்ரெக்' தொடரான டீப் ஸ்பேஸ் நைனில் எனக்கு யாரை மிகவும் பிடிக்கும் என்று கேட்டாய். ரோமையும் அவன் மகன் நோக்கையும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிப்பு அடங்குவதற்குள் உனக்கு வேலை வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நிதானமாகப் படி.

முதலில் உன் கட்சியைப் பார்த்துவிடுகிறேன். நீ ஓடோ, கீரா காதலின் பக்கம். எனக்கு அந்தக் காதல் பிடிக்கும், ஆனால் மயங்க மாட்டேன். அடிமைப்பட்டிருந்த பேஜோர் கிரகத்தின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கியவள் கீரா. ஆக்கிரமித்த கார்டாசியர்களிடம் காவல் வேலை பார்த்தவன் ஓடோ. அந்த முரணைக் கிளறிய எபிசோட்களெல்லாம் பொன். காதல் கைகூடிய பிறகு பலவும் சப்பென்று ஆகிவிட்டன. ஓடோவின் உண்மையான துணை, ரோமின் அண்ணனும் மதுக்கூட முதலாளியுமான குவார்க்தான் என்பது என் தீர்ப்பு. கடைசி எபிசோடில் குவார்க்கிடம் ஒரு வார்த்தைகூட இதமாகச் சொல்லாமல் ஓடோ திரும்பி நடக்கிறான். குவார்க்கோ, அவனுக்கு என் மேல் எவ்வளவு அன்பு, அது அவன் முதுகில் எழுதியிருந்ததே என்கிறான். ஏழு சீசன்களாகப் பிடிபடாத கடத்தல்காரனும் பிடிக்காத காவலனும் அடித்துக்கொண்டதன் பலன் அந்த ஒரு வரி.

கார்டாசியத் தையல்காரன் காராக்கும் நிலையத்தின் மருத்துவர் பஷீரும் சாப்பிட்டுக்கொண்டே பேசும் பேச்சுகளுக்காக நான் எதையும் மன்னிப்பேன். அதோடு விடுகிறேன். அவர்களைப் பற்றி எழுதாத ரசிகர் உலகத்தில் இல்லை.

அப்பா, பிள்ளை என்றால் எல்லோரும் நிலையத்தின் தலைவர் சிஸ்கோவையும் அவர் மகன் ஜேக்கையும்தான் சொல்வார்கள். நியாயம்தான். 1995 இல் வந்த 'தி விசிட்டர்' எபிசோடை நானும் அழாமல் பார்த்ததில்லை. விபத்தில் காலத்தின் இடுக்கில் சிக்கிக்கொண்ட தந்தையை மீட்க, எழுத்தாளனாக வாழ வேண்டிய மகன் தன் ஆயுள் முழுவதையும் செலவழிக்கிறான். கிழவனான ஜேக்காக டோனி டாட் நடித்திருப்பார். அப்பாவாக நடித்த ஏவரி புரூக்ஸும் சாதாரணமானவர் இல்லை. கருவுற்ற மனைவியை விட்டுவிட்டு ஒரு கறுப்பினத் தந்தை போய்விடுவதாகத் தொடர் முடியக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால்தான், திரும்பி வருவேன் என்று சிஸ்கோ சொல்லும்படி முடிவை மாற்றினார்கள்.

ஆனாலும் சிஸ்கோ பிறவியிலேயே நல்ல தந்தை. சமைப்பார், மகனோடு பேஸ்பால் ஆடுவார், பழைய பேஜோர் வரைபடத்தைப் பார்த்து ஒளியின் விசையில் ஓடும் பாய்மரக் கப்பல் கட்டி மகனையும் ஏற்றிக்கொண்டு போவார். தான் பணிபுரியும் ஸ்டார்ஃப்ளீட் விண்படையில் சேர மாட்டேன் என்று மகன் சொன்னாலும் முகம் கோணாதவர். அவரிடம் மாற வேண்டியது எதுவுமில்லை. மாறாத மனிதர்களிடம் எனக்குச் சீக்கிரம் சலிப்பு வந்துவிடும்.

ரோம் அப்படியா? முதல் சீசனில் அவன் உருப்படியான ஆளே இல்லை. 'தி நேகஸ்' எபிசோடில், தங்கள் இனத்தின் தலைமைப் பதவி கிடைத்த அண்ணனை விண்வெளியில் தள்ளிக் கொல்லக்கூடப் பார்க்கிறான். மனிதர்கள் நடத்தும் பள்ளி வேண்டாம் என்று மகனை நிறுத்தியவனும் அவன்தான். அதனால் ஜேக் அந்தப் பையனுக்கு ஒளித்து வைத்து எழுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இருவரும் ஏதோ திருட்டு வேலை செய்கிறார்கள் என்று பின்தொடர்ந்து வரும் சிஸ்கோ, பாடம் நடப்பதைப் பார்த்துவிட்டுத் தெரியாதவர்போல் போய்விடுகிறார்.

பெரிய காதும் லாப ஆசையும் கொண்ட இவர்களுடைய ஃபெரெங்கி இனமே அப்போது கேலிப்பொருள்தான். 1987 இல், முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரான 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் அவர்களைப் பயங்கர எதிரிகளாகத்தான் கொண்டுவந்தார்கள். பார்த்தவர்களுக்குப் பயம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அந்த முதல் கூட்டத்தில் ஒருவராக நடித்த ஆர்மின் ஷிமர்மன்தான் பிறகு குவார்க் ஆகி, அந்த இனத்துக்கு ஒரு கௌரவத்தை மீட்டுக் கொடுத்தார். குவார்க் வேடத்துக்குக் கடைசிவரை போட்டியில் நின்ற இன்னொருவர் மேக்ஸ் குரோடென்சிக். அது கிடைக்காமல் போகவே தம்பி ரோம் ஆனார். அவருடைய தயங்கித் தயங்கிப் பேசும் குரலைக் கேட்கும்போதெல்லாம், நல்ல வேளை அண்ணன் வேடம் இவருக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ரோமின் கதை உனக்கு நினைவிருக்கிறதா? ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான். அவளை உண்மையாகவே நேசித்து, ஒப்பந்தத்தை நீட்டிக்க ஆசைப்பட்டு, மாமனாரிடம் சொத்தையெல்லாம் ஏமாந்துவிடுகிறான். மனைவி பணக்காரன் ஒருவனோடு போய்விடுகிறாள். கையில் மிஞ்சியது மகன் மட்டும். அதன்பின் அண்ணனுடைய மதுக்கூடத்தில் எடுபிடி வேலை. திட்டு வாங்குவதும் அந்த வேலையில் சேர்த்தி. எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டும் கை அவனுக்கு உண்டு. ஆனால் லாபம் பார்க்கத் தெரியாதவனை ஃபெரெங்கிகள் ஆணாகவே மதிப்பதில்லை.

இப்போது 'ஹார்ட் ஆஃப் ஸ்டோன்' எபிசோடுக்கு வா. 1995 பிப்ரவரி. திருட்டுப் பையனாகத் தொடருக்குள் வந்த நோக், லாட்டினம் என்ற ஃபெரெங்கிப் பணம் நிறைந்த பையோடு சிஸ்கோவிடம் போய் ஸ்டார்ஃப்ளீட் அகாடமியில் சேரப் பரிந்துரை கேட்கிறான். லஞ்சம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. ஊர் வழக்கம் அது. சிஸ்கோ நம்பாமல், ஏன், ஏன் என்று துளைத்தெடுக்கிறார். கடைசியில் பையன் வெடிக்கிறான். என் அப்பா இயந்திர மேதை, வாய்ப்பிருந்தால் விண்கலத்தின் தலைமைப் பொறியாளராகியிருப்பார், நல்ல ஃபெரெங்கியாக இருக்க வேண்டும் என்று வியாபாரத்துக்குப் போனார், அதுவும் வரவில்லை, இப்போது பெரியப்பாவின் கடை என்றைக்காவது கிடைக்குமா என்று காத்திருக்கிறார், நான் அப்படி ஆக மாட்டேன் என்கிறான்.

ஒரு பிள்ளை தன் தந்தையைப் பற்றி இதைவிடக் கடுமையாகப் பேச முடியாது. இதைவிடப் பெருமையாகவும் பேச முடியாது. தோல்வியைச் சொல்லும் முன் மேதை என்று சொல்லிவிடுகிறான் பார். அதே மூச்சில், எனக்கு அப்பாவின் கைகள் இருக்கின்றன என்றும் சொல்லிக்கொள்கிறான். நோக்காக நடித்த ஏரன் ஐசன்பர்க் அந்த இடத்தில் குரலை உடைத்துப் பேசுவார். அதுவரை கோமாளியாக இருந்த பையன் அந்த ஒரு நிமிடத்தில் ஆளாகிவிடுகிறான்.

அந்த அறையில் ரோம் இல்லை. அவ்வளவு பெரிய காதுகள் இருந்தும் இந்தப் பேச்சு அவனுக்கு எட்டவில்லை. ஆனால் அதன்பின் அவன் செய்வதையெல்லாம் பார்த்தால் கேட்டவன்போலவே நடந்துகொள்கிறான். 'ஃபேசட்ஸ்' எபிசோடில், மகனின் நுழைவுத் தேர்வில் குவார்க் சதி செய்து அவனைத் தோற்கடிக்கிறான். விஷயம் தெரிந்ததும் ரோம் அண்ணன் முன்னால் வந்து, இன்னொரு முறை என் மகனுக்குக் கெடுதல் செய்தால் இந்தக் கடையையே கொளுத்திவிடுவேன் என்கிறான். ஆயுளுக்கும் குனிந்தே நின்றவன் முதன்முதலாக நிமிர்ந்தது தனக்காக இல்லை.

தனக்காக நிமிர இன்னும் சில மாதங்கள் ஆயின. மகன் தேர்வில் தேறி, பூமியிலுள்ள அகாடமிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, 1996 பிப்ரவரியில், 'பார் அசோசியேஷன்' வருகிறது. காதில் சீழ் பிடித்தாலும் விடுப்பில்லை, வருமானம் குறைந்தால் சம்பளத்தில் வெட்டு என்கிறான் குவார்க். ரோம் ஊழியர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கிறான். உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள் என்ற முழக்கத்தை ஒரு ஃபெரெங்கியின் வாயால் கேட்பதற்காகவே அந்த எபிசோடை நான் அடிக்கடி போடுவேன். கோரிக்கைகள் நிறைவேறுகின்றன. நிறைவேறியதும் ரோம் வேலையை விட்டுவிட்டு, நிலையத்தின் பழுதுபார்க்கும் குழுவில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்துவிடுகிறான்.

தேதிகளைச் சேர்த்துப் பார். அப்பா பொறியாளராகியிருப்பார் என்று மகன் சொல்லி ஒரு வருடம்தான். பிள்ளை வீட்டில் இருக்கும்வரை அவனால் அந்தக் கடையை விட முடியவில்லை. பிள்ளை போன பிறகு அவனைப் பார்த்துத் தானும் புறப்படுகிறான். பெற்றவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்கும் கதை எல்லாத் தொடரிலும் உண்டு. நேர்மாறாக, மகனிடமிருந்து தகப்பன் துணிவைக் கடன் வாங்கும் கதையை இவ்வளவு சத்தமில்லாமல் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. உன் அம்மா ஏன் ரோம் கட்சி என்று இனியும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு ரோமுக்கு ஏறுமுகம்தான். போர் மூண்டபோது எதிரியான டொமினியன் படை உள்ளே வராதபடி, விண்வெளியின் குறுக்குவழியான புழுத்துளையின் வாயை அடைக்க, தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும் கண்ணிவெடிகள் என்ற யோசனையைச் சொன்னது அவன். நிலையம் எதிரியின் கையில் விழுந்தபோது பழைய மதுக்கூடத்துக்கே திரும்பிப் போய்த் தட்டேந்துகிறான், இந்த முறை ஒற்றனாக. பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்ட அவனையும் மற்றவர்களையும் சிறையிலிருந்து மீட்கத் துப்பாக்கியோடு வருபவன் யார் என்று நினைக்கிறாய்? குவார்க்தான்.

குவார்க்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோக்குக்கு அவன் வெறும் முதலாளி அல்ல, பெரியப்பா. 'தி சீஜ் ஆஃப் ஏஆர்-558' எபிசோடில் போர்முனையில் பையன் காலை இழந்து கிடக்கிறான். அவன் பக்கத்திலேயே இருக்கும் குவார்க், உள்ளே நுழையும் ஜெம்ஹடார் என்ற டொமினியன் வீரனைச் சுட்டுத் தள்ளுகிறான். மூன்றாண்டுகளுக்கு முன் தேர்வில் சதி செய்தவனும் இவனே. சீருடை போட்டால் பையன் சாவான் என்ற பயம்தான் அன்றைக்கும் அவனை ஆட்டிவைத்ததோ என்று இந்தக் காட்சிக்குப் பிறகு எனக்குத் தோன்றியது. எழுதியவர்கள் அப்படி நினைத்தார்களோ இல்லையோ, நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அடுத்து 'இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்'. செயற்கைக் கால் பொருத்தியாயிற்று, உடம்பில் குறையில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். பையனோ நொண்டிக்கொண்டே, ஒளிப்படிமங்களால் கற்பனை உலகம் காட்டும் ஹோலோசூட் அறைக்குள் போய், 1962 ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் குடியேறிவிடுகிறான். அங்கே விக் ஃபான்டேன் என்ற பாடகன். தான் வெறும் ஒளிப்படிமம் என்று அறிந்த படிமம் அவன். அவனுடைய கணக்கு வழக்குகளைப் பார்த்து, கிளப்பைப் பெரிதாக்கத் திட்டம் போட்டுக்கொண்டு நோக் நிம்மதியாக இருக்கிறான். கடைசியில் விக் தன் உலகத்தையே அணைத்து அவனை வெளியே தள்ளுகிறான். அப்போதுதான் உண்மை வருகிறது: எனக்குக் கால் போகும் என்றால் எதுவும் நடக்கலாம், நாளைக்கே சாகலாம், பயமாக இருக்கிறது. போரைப் பற்றி அந்தத் தொடர் காட்டிய விண்கலச் சண்டைகள் எல்லாவற்றையும்விட இந்த அழுகை பெரிது. ரோமும் அவன் இரண்டாவது மனைவி லீட்டாவும் இந்த எபிசோடில் வெளியே நின்று தவிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. அந்த நிலை எனக்குத் தெரியும். உன் முதல் வேலை போன மாதங்களில் நானும் அங்கேதான் நின்றேன். நீ கதவைத் திறந்தது உன் தோழிக்குத்தான். வருத்தமில்லை. விக்குக்கு நன்றி என்று ரோம் நினைத்திருப்பான் இல்லையா, அந்த வகை நன்றி எனக்கும் அந்தப் பெண்ணிடம் உண்டு.

கனத்துவிட்டது. சிரிக்கவும் ஒன்று சொல்கிறேன். நிலையத்தின் தலைமைப் பொறியாளர் ஓ'பிரையனுக்கு அவசரமாக ஓர் உதிரிபாகம் தேவைப்பட, நோக் பண்டமாற்றாக ஒன்றை மாற்றி ஒன்று வாங்கிக்கொண்டே போவானே, 'ட்ரெச்சரி, ஃபெய்த் அண்ட் தி கிரேட் ரிவர்'. நடுவில் கேப்டன் சிஸ்கோவின் மேசையே காணாமல் போய்விடும். கேப்டன்களின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளும் பைத்தியம் பிடித்த ஒருவனுக்கு இரவல்! வியாபார புத்தி எனக்கில்லை என்று சிஸ்கோவிடம் அழுத பையன்தான் இவன். தன்னைப் பற்றி அவன் அன்று சொன்னது எவ்வளவு தப்பு என்று அங்கே தெரியும்.

முடிவில் ரோம் ஃபெரெங்கிகளின் தலைவனாகவே ஆகிவிடுகிறான். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. அந்தச் சமுதாயத்தில் பெண்கள் உடை உடுத்தவும் தொழில் செய்யவும் வாதாடிய இஷ்காவுக்கு, அதாவது ரோமின் அம்மாவுக்கு, அந்த நாற்காலி போயிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். மகனுக்குக் கிடைத்தது சரியான அளவு: சிஸ்கோவின் கடைசி அலுவல் ஆணையே நோக்குக்கான லெஃப்டினன்ட் பதவி உயர்வு. ஐசன்பர்க் 2019 இல் காலமானார். மறு ஆண்டு 'டிஸ்கவரி' என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் 32 ஆம் நூற்றாண்டுக் கலம் ஒன்றுக்கு நோக் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கல வகைக்கு ஐசன்பர்க் என்று பெயர்.

உன் தம்பி இப்போது இரண்டாவது சீசனில் இருக்கிறான். நோக்கின் சேட்டைகளைப் பார்த்து உருண்டு சிரிக்கிறான். அவனிடம் பேசும்போது ஏஆர்-558 பற்றி வாயைத் திறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா