அணைத்தளத் துளைச் சோதனைகள் குறித்து ஒரு திறந்த மடல்

மத்திய நீர் ஆணையத்தில் அணைத் திட்ட அறிக்கைகளைப் பரிசீலிக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

அணைத்தளத்தில் துளையிடும்போதே ரப்பர் பேக்கர் என்னும் அடைப்பானால் துளையை அடைத்து, அடைப்புக்குக் கீழுள்ள பாறைக்குள் நீரை அழுத்திச் செலுத்தி, பாறை எவ்வளவு நீரை உள்வாங்குகிறது என்று அளக்கும் லூஜியான் சோதனையின் முழுப் பதிவும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் இடம்பெற வேண்டும் என்று கோருகிறேன்.

10 பார் அழுத்தத்தில் ஒரு மீட்டர் துளை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீரை உள்வாங்கினால் அது 1 லூஜியான். சுவிஸ் நிலவியலாளர் மாரிஸ் லூஜியான் 1933-இல் தந்த அளவு இது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 5529-இன் இரண்டாம் பகுதி நம் நாட்டில் பாறைச் சோதனைக்கு முறை வகுத்திருக்கிறது. ஆயினும் முடிவை ஒற்றை எண்ணாகச் சுருக்கினால் பாறையின் இயல்பு மறைந்துவிடும். அழுத்தத்தை மூன்று படிகளில் ஏற்றி இரண்டு படிகளில் இறக்கும்போது, உச்ச அழுத்தத்தில் மட்டும் உள்வாங்கல் எகிறிப் பின் பழைய நிலைக்குத் திரும்பினால் விரிசல்கள் அழுத்தத்தால் விரிந்திருக்கின்றன. அழுத்தம் இறங்கிய பிறகும் உள்வாங்கல் கூடிக்கொண்டே போனால் விரிசலில் இருந்த நிரப்புமண் அரிக்கப்பட்டு வெளியேறுகிறது. அணைக்கு நான் மிகவும் அஞ்சுவது இந்த இரண்டாவதைத்தான். இரண்டிலும் சராசரி எண் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

பேக்கர் சரியாக இறுகாமல் நீர் அதன் மேலே கசிந்தால் பாறை உள்ளதைவிட அதிகம் ஒழுகுவதாகத் தெரியும். துளையைக் கழுவாமல் சோதித்தால் பாறைத்தூள் விரிசலை அடைத்து, ஓட்டைப் பாறையும் நீர் புகாததாகத் தெரியும். மீட்டர் கணக்கில் பணம் பெறும் ஒப்பந்ததாரருக்கு ஒவ்வொரு சோதனையும் இயந்திரம் சும்மா நிற்கும் நேரம். ஆகவே சோதனைக்கும் துளை கழுவுவதற்கும் தனிக் கட்டணம் வகுக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை, முதன்முறை நிரம்பிக்கொண்டிருந்தபோது 1976 ஜூன் 5 அன்று உடைந்து 11 பேர் இறந்தனர். அங்குள்ள ரயோலைட் என்னும் எரிமலைப் பாறை நீரைப் பெருமளவு உள்வாங்கும் என்பது கட்டும் முன்பே துளைச் சோதனைகளில் தெரிந்திருந்தது. விரிசல்களை அடைக்கச் சிமென்ட் கூழைச் செலுத்தி ஒரு திரையும் அமைத்தார்கள்; ஆனால் அந்த மண் அணையின் மையத்தில் நிரப்பிய வண்டல் மண், பாறையின் திறந்த விரிசல்களோடு சேரும் இடத்துக்குப் போதிய காப்பு இல்லை. சோதனை எச்சரித்தும் வடிவமைப்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

எனவே ஒவ்வொரு துளையின் ஐந்து படிப் பதிவையும், பேக்கர் நின்ற ஆழத்தையும், கசிவு இருந்ததா என்பதையும், அதற்கேற்ப வடிவமைப்பில் செய்த மாற்றத்தையும் அடித்தளம் தோண்டும் முன்பே வெளியிடுங்கள். வெளியிலுள்ள நிலவியலாளர்கள் கேள்வி கேட்கவும், திட்டத்தைத் திருத்தவும் அப்போதுதான் காலம் இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பொறியியல் நிலவியலாளர்