பள்ளி திறப்பதற்குள் 15 கிட்டார்

திருப்பரங்குன்றம்
மே மாதம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மேலூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று எழுதியிருந்தாய், இங்கேயும் அதே கதைதான். உன் பள்ளியில் கிட்டார் வகுப்பு தொடங்குகிறார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 30 பிள்ளைகள், 15 கிட்டார், வாரம் 2 பீரியடு. எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பாட்டு இருக்கட்டும், முதலில் அந்த 15 கிட்டாரையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார். புதிதாகப் படிக்கிற பிள்ளை இரண்டே வாரத்தில் நின்றுவிட்டால் கையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை கம்பியின் உயரத்தில் இருக்கும்.

சுருதி சேர்த்துவிட்டு, 12-வது ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, கம்பியின் அடிப்பாகம் வரை அள. தடித்த 6-வது கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய 1-வது கம்பிக்கு 2 மி.மீ. இருந்தால் பிள்ளைகளின் விரலுக்குப் போதும். விலை குறைந்த கிட்டார்களில் 4 மி.மீ. வரை நிற்கும். உடனே சாடிலை, அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குகிற சின்னத் துண்டை, தேய்க்க உட்கார்ந்துவிடாதே, முதலில் கழுத்து வளைந்திருக்கிறதா பார். 6-வது கம்பியை 1-வது ஃப்ரெட்டிலும் 14-வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்து. 7-வது ஃப்ரெட்டுக்கு மேலே விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் இடைவெளி சரி. அதைவிட அதிகமென்றால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை ஆலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று மட்டும் முறுக்கி, மறுநாள் திரும்ப அள. இறுகிப் பிடித்தால் விட்டுவிடு, மல்லுக்கட்டாதே.

கழுத்து நேரான பிறகுதான் சாடில். 12-வது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சாடிலில் 2 மி.மீ. குறைய வேண்டும், ஏனென்றால் 12-வது ஃப்ரெட் கம்பி நீளத்தின் நடுவில் இருக்கிறது. கம்பிகளைத் தளர்த்திச் சாடிலை உருவி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போடு. சமமான கடப்பாக் கல் மேல் 120-ஆம் நம்பர் உப்புத்தாளை விரித்து, சாடிலைச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாகத் தேய். கை சாய்ந்தால் அடிப்பாகம் உருண்டுவிடும், பள்ளத்தில் சரியாக உட்காராது, ஓசை செத்துப்போகும். கோட்டுக்கு அரை மி.மீ. முன்பே நிறுத்தி, மாட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தேய். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளத் துண்டான நட்டையும் பார். கம்பியை 3-வது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 1-வது ஃப்ரெட்டின் மேல் கவனி. தாள் கனத்துக்கு இடைவெளி இருந்தால் நல்லது. நன்றாகவே தெரிகிற இடைவெளி இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் சுரக்கூட்டு) வராது. அதைச் சரிசெய்ய மெல்லிய அரம் வேண்டும். அதுவரை 1-வது ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பை மாட்டிவிட்டால் நட்டின் உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வகுப்பு முழுக்க மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அரை சுரம் பிசகும்.

கம்பி 12-53 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருந்தால் கழற்றிவிட்டு 10-47 போடு. 70 கிலோவைத் தாண்டும் மொத்த இழுவிசை 60 கிலோ அளவுக்கு இறங்கும், விரலுக்கும் வலி குறையும். விடுமுறையில் மாடி அறையில் பூட்டி வைத்த கிட்டார் என்றால் சாடில் உட்காரும் மரத்துண்டான பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பார். உள்ளே போனால் கத்திரி வெயிலில் பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கத் தொடங்கிவிட்டது. அதைத் தனியே எடுத்து வை.

சுருதி சேர்க்கப் போன் ஆப் உதவாது, அத்தனை சத்தத்தில் அது யாருடைய கிட்டாரைக் கேட்கும்? கிட்டாரின் தலையில் கவ்வுகிற கிளிப் டியூனர் 5 வாங்கினால் போதும், அது அதிர்வைப் பிடிக்கிறது. ஒரு வரிசை சேர்க்கும்போது மற்ற வரிசை கம்பியில் கை வைக்கக் கூடாது. கம்பி அறுவது பெரும்பாலும் கம்பியை முறுக்குகிற கீகளில் தவறானதைத் திருகுவதால்தான். கம்பியை விரலால் தடவிக்கொண்டே போய்க் கீயைத் தொட்ட பிறகு திருகச் சொல். சுருதி கூடிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாகவே தளர்ந்துவிடும்.

கீபோர்டு படித்த பிள்ளைகளுக்குக் கட்டைவிரல்தான் 1. கிட்டாரில் ஆள்காட்டி விரல் 1. இதை முதல் நாளே சொல்லிவிடு.

சரளி வரிசை தெரிந்த பிள்ளைகள் உன்னிடம் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையையே முதல் பயிற்சியாகக் கொடு. ச 5-வது கம்பி 3-வது ஃப்ரெட், ரி அதே கம்பி 4. க, ம இரண்டும் 4-வது கம்பியில் 2, 3. ப 3-வது கம்பியை அழுத்தாமல், த அதிலேயே 1. நி 2-வது கம்பியை அழுத்தாமல், மேல் ச அதில் 1. நான்கு ஃப்ரெட்டுக்கு நான்கு விரல், எல்லாவற்றுக்கும் வேலை வந்துவிடுகிறது. சுரத்தை அசைக்கும் கமகம் இல்லாததால் ராகமாக ஒலிக்காது, சுரஸ்தானம் காதில் ஏறும்.

கார்டில் ஜி, சி, டி என்று தொடங்காதே. ஈ மைனரில் தொடங்கு, இரண்டே விரல். ஆள்காட்டி விரலை 3-வது கம்பி 1-வது ஃப்ரெட்டில் சேர்த்தால் ஈ மேஜர். அந்த அமைப்பை அப்படியே ஒரு கம்பி கீழே, மெல்லிய கம்பிப் பக்கம், நகர்த்தினால் ஏ மைனர். அதில் மோதிர விரலை மட்டும் 5-வது கம்பி 3-வது ஃப்ரெட்டுக்கு மாற்றினால் சி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு காரியம்தான் புதிது. ஒரு பிள்ளை வாசிக்கட்டும், ஜோடிப் பிள்ளை 1 நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாறுகிறது என்று எண்ணட்டும். 30 வந்தால் அடுத்த கார்டு. கை மாறும் நேரத்திலும் கம்பிகளை ஒருசேர மீட்டி ஸ்ட்ரம் அடிக்கிற கை நிற்கக் கூடாது. கார்டு பிந்தினாலும் தாளம் போகட்டும்.

கம்பி கரகரத்தால் விரல் ஃப்ரெட்டை விட்டுப் பின்னால் நிற்கிறது. ஓசையே வராவிட்டால் பக்கத்து விரல் படுத்துக்கொண்டு கம்பியைத் தொடுகிறது, அல்லது இடக்கை நகம் வெட்டவில்லை.

1-வது கம்பி மட்டும் தனியாக 10 வாங்கி வை. 15-ஐயும் அளந்து, எண் போட்டு எழுதி அனுப்பு. நட் தேய்க்க வேண்டியவை எத்தனை என்று தெரிந்தால், பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு அரங்களை எடுத்துக்கொண்டு மேலூர் பஸ் ஏறிவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்