ஓவனுக்குப் பின்னாடி போற டியூப்பை ஒரு தடவை பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் பெரம்பூர்ல இருக்கேன். போன தீபாவளிக்கு ஆஃபர்ல நாலு பர்னர், கீழ கேஸ் ஓவன் இருக்கிற குக்கிங் ரேஞ்ச் ஒண்ணு வாங்கினோம், பொண்ணு கேக் பண்ணணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தா. கடையிலேருந்து ஃபிட் பண்ண வந்தவர் பத்து நிமிஷத்துல டியூப்பை மாட்டி நாலு பர்னரையும் பத்த வச்சுக் காமிச்சு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். ஓவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, கூட வந்த புக்லெட்ல இங்கிலீஷும் ஹிந்தியும்தான் இருந்துச்சு.

மூணு மாசம் கழிச்சு பின்னாடி துடைக்கலாம்னு ரேஞ்சை இழுத்தப்பதான் பாத்தேன், ஆரஞ்சு டியூப் ஓவனோட பின்தகட்டுல ஒட்டிக்கிட்டே போயிருக்கு. தகடு படற இடத்துல மட்டும் நிறம் மங்கி வெறைச்சுப் போய், விரலால வளைச்சா மயிரிழை மாதிரி வெடிப்பு தெரியுது. வாராவாரம் 180 டிகிரியில முக்கால் மணி நேரம் கேக் வேகுதே, அந்தச் சூடு பூரா அது மேலதான். கை நடுங்கிடுச்சு. உடனே ரெகுலேட்டரை மூடி, ஏஜென்சில சொல்லி புது டியூப் மாத்தி, ஓவன் பக்கமே போகாம சுவத்தோரமா கொண்டு போனோம். சூடு படாத டியூப்புக்கே அஞ்சு வருஷம்தான் கணக்கு.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா விசாரிச்சு கத்துக்கிட்டேன். ஓவனைப் பத்த வைக்கும்போது கதவு திறந்தே இருக்கணும், அடித்தகட்டு ஓட்டை வழியா நீலத் தீ எரியுதான்னு கண்ணால பாத்துட்டுதான் மூடணும். பத்தலைன்னா லைட்டரைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது, நாப்பை மூடிட்டு கதவைத் திறந்தபடியே அஞ்சு நிமிஷம் விட்டுடணும், ஏன்னா சமையல் கேஸ் காத்தை விட கனம், மேல போகாது, அடியிலேயே தங்கும். மேல பால் பொங்கி பர்னர் அணைஞ்சாலும் இதே கதைதான், தீ போச்சுன்னா கேஸ் தானா நிக்கிற வசதி எல்லா மாடல்லயும் கிடையாது, வாங்கும்போதே கேட்டுடுங்க. சுத்தமா இருக்கட்டும்னு ஓவன் அடியில அலுமினியம் ஃபாயில் விரிக்கிறவங்க இருக்காங்க, நானும் விரிச்சேன், அந்த ஓட்டை வழியாதான் காத்தும் சூடும் போகணும், அதை அடைச்சா தீ சரியா எரியாது. தீ மஞ்சளா எரிஞ்சு பாத்திரம் கரி பிடிச்சா காத்து பத்தலைன்னு அர்த்தம், பர்னரைக் கழட்டி ஓட்டையெல்லாம் குத்தி சுத்தம் பண்ணணும். புறா வருதுன்னு நம்ம ஊர்ல பாதி வீட்டு கிச்சன் ஜன்னல் மூடியே கெடக்கு, வலை அடிச்சாவது திறந்து வைங்க.

கேக் அடி கருகி மேல வேகாம இருந்ததுக்கும் காரணம் புரிஞ்சுது, தீ கீழேருந்து வருது. பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணி, நடுத்தட்டுல, சுத்தி நாலு பக்கமும் ரெண்டு விரல் இடம் விட்டு வச்சா சமமா வேகுது. பாதி நேரம் தாண்டுற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க. கண்ணாடி மூடி இருக்கிற ரேஞ்சா இருந்தா பர்னர் நல்லா ஆறினப்புறம்தான் மூடணும், சூட்டுல மூடினா கண்ணாடி வெடிக்கும்.

கேஸ் வாடை வந்தா ஃபேன், லைட் எதையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு, வெளிய வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு போன் பண்ணணும்.

இதையெல்லாம் அன்னைக்கு வந்தவர் அரை மணி நேரம் உக்காந்து சொல்லியிருக்கலாம். ரேஞ்ச் விக்கிற கடைக்காரங்க ஃபிட் பண்ண அனுப்புற ஆளுங்களுக்கு இதைக் கட்டாயமாக்கணும், தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சும் கொடுக்கணும். உங்க பத்திரிகையும் அடுத்த தீபாவளி விளம்பரம் வர்ற வாரத்துல இதைப் போட்டா நல்லாயிருக்கும். ஏற்கனவே ரேஞ்ச் வச்சிருக்கிறவங்க, ஓவன் ஆறினப்புறம் இன்னைக்கே அதை ஒரு முழம் முன்னாடி இழுத்து டியூப் எங்க போகுதுன்னு பாத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை