புரோட்டோபிளாஸ்ட்: விட்டுப்போன பொருள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில் 'புரோட்டோபிளாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, 'செல்சுவர் நீக்கப்பட்ட செல்' என்று மட்டும் பொருள் போட்டிருந்தீர்கள். தாவரவியல் மாணவர்களுக்கு அது போதும். ஆனால் அதைவிட வயதான இன்னொரு பொருள் அதற்கு உண்டு. முதன்முதலில் உருவாக்கப்பட்டது, பின்னால் வருபவற்றுக்கெல்லாம் மூலமாக நிற்பது. அதாவது முன்மாதிரி.

கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்றால் முதல். 'பிளாஸ்டோஸ்' என்றால் வனையப்பட்டது. பிளாஸ்டிக் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். சாலமோனின் ஞானம் என்ற பழைய யூத சமய நூலின் கிரேக்க மூலம் ஆதாமைப் 'புரோட்டோபிளாஸ்டோஸ்' என்றே அழைக்கிறது. மண்ணைப் பிசைந்து வனைந்த முதல் ஆள் அல்லவா, பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிறகு லத்தீனுக்குப் போய், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் வந்து சேர்ந்தது. முதல் மனிதனைச் சுட்டிய சொல், நாளடைவில் எதன் முதல் உருவத்துக்கும் ஆகிவந்தது.

செல் சமாசாரம் ரொம்பப் பிந்தியது. 1880இல்தான் ஹான்ஸ்டைன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், செல்சுவருக்குள் இருக்கும் உயிர்ப்பகுதிக்கு இந்தப் பெயரை வைத்தார். 1960இல் எட்வர்ட் காக்கிங் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர், தக்காளி நாற்றின் வேர்நுனியில் நொதியை விட்டுச் செல்சுவரைக் கரைத்து அதைத் தனியே எடுத்துக் காட்டினார். சுவர் போனதும் செல் உருண்டையாகிவிடும். சுற்றியுள்ள கரைசலின் செறிவு போதவில்லை என்றால் நீரை உறிஞ்சி ஊதி வெடித்தும்விடும்.

அப்படியானால் 'புரோட்டோடைப்' என்ற சொல்லோடு இதற்கு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். 'டைப்போஸ்' என்பது அடித்ததால் விழுந்த தடம், நாணயத்தில் முத்திரை விழுவதுபோல. ஒன்று அடித்துப் பதித்தது, மற்றது பிசைந்து வனைந்தது. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அதற்காக, சோதனைக்குச் செய்த இயந்திரத்தைப் புரோட்டோபிளாஸ்ட் என்று எழுதச் சொல்லவில்லை. அது வெறும் பகட்டு; பொறியாளருக்குப் புரோட்டோடைப்பே சரி. ஒரு வம்சத்தின், ஒரு கலைவடிவத்தின் ஆதி உருவைச் சொல்லும்போதுதான் இந்தச் சொல்லுக்கு எடுப்பு.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், ஆதாமை முதலிலும் செல்லை இரண்டாவதாகவும் போடுங்கள். சொல் நடந்துவந்த வரிசை அதுதான்.

அன்புடன்,
ஒரு வாசகர்